தட்டில் மிஞ்சிய தீனி

தண்ணீர் போதும் அக்கா. டீ எல்லாம் வேண்டாம், மூன்றரை மணி பஸ்ஸைப் பிடித்தாக வேண்டும். என் வீட்டுக்காரர் படகு பார்க்கப் போயிருக்கிறார், ஐந்து மணிக்குப் பண்ணைக்கு வந்துவிடுவார். ஆஸ்பத்திரிக்குப் போகிறேன் என்று சொல்லித்தான் கிளம்பினேன். பொய் இல்லை. காலையில் ஆஸ்பத்திரிக்கும் போனேன். அங்கிருந்து நேராக இங்கே வந்தேன், அவ்வளவுதான்.

நான் யாரென்று தெரிகிறதுதானே? இறால் பண்ணை பிரிட்டோவின் வீட்டுக்காரி, ஜெசிந்தா. உங்கள் வீட்டுக்காரர் வழிவிட்டான் அண்ணன் எங்களிடம்தான் இறாலுக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தார்... சரி, தெரிகிறது. உங்கள் முகமே சொல்கிறது. என்னைப் பார்த்ததும் கதவைச் சாத்தாமல் விட்டீர்களே, அதுவே பெரிசு.

அண்ணன் வீட்டில் இல்லையா? உப்பளத்துக்கா? இந்த வெயிலில் உப்பு வாரவா? பத்து வருஷம் இறால் பார்த்த மனுஷன். வேறு பண்ணை எதிலும் சேர்த்துக்கொள்ளவில்லை என்று கேள்விப்பட்டேன். நான் அதைப் பற்றிப் பேச வரவில்லை அக்கா. அதைப் பற்றியும்தான் என்று வையுங்கள், ஆனால் முதலில் இவள் நெற்றியைத் தொட்டுப் பாருங்கள். சும்மா தொடுங்கள். கொதிக்கிறதா? ஒன்பது நாளாக இப்படித்தான். செரின் பதினாலு மாசக் குழந்தை, எழுந்து தத்தித் தத்தி நடக்க ஆரம்பித்தவள், இப்போது தோளை விட்டு இறங்குவதில்லை. ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டார்கள். நரம்பு கிடைக்காமல் மூன்று இடத்தில் குத்தினார்கள். ரத்தத்தில் ஒன்றுமே இல்லையாம். “வைரஸ் காய்ச்சல்மா, தன்னால போயிரும்” என்கிறார் டாக்டர். தன்னால் போகவில்லை. ஏன் போகவில்லை என்று டாக்டருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

அண்ணன் எங்கள் கரையில் நின்று ஒரு சத்தியம் பண்ணிவிட்டு வந்தாரே, அதைத் திருப்பி எடுக்கச் சொல்லுங்கள் அக்கா. அதைக் கேட்கத்தான் வந்தேன்.

அப்படிப் பார்க்காதீர்கள். நான் கான்வென்ட்டில் படித்தவள். சத்தியம், சாபம், கண்ணேறு எதையும் நம்பக் கூடாது என்று சிஸ்டர்மார் சொல்லித்தான் வளர்ந்தேன். நம்பவும் இல்லை, இவள் பிறக்கும்வரைக்கும். பிள்ளை பிறந்த பிறகு எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சம் நம்பத்தான் வேண்டியிருக்கிறது. உங்களுக்கும் ஒரு மகள் இருக்கிறாள். இப்போது குடத்தை எடுத்துக்கொண்டு போனாளே, அவள்தானே? நல்லா இருக்கிறாள். அதுதான் அக்கா விஷயமே.

முதலிலிருந்து சொல்கிறேன். அப்போதுதான் என் பக்கத்து நியாயம் புரியும்.

இவள் வயிற்றில் ஆறு மாசமாக இருக்கும்போது அவரைக் கடலில் பிடித்துக்கொண்டு போனார்கள். எல்லை தாண்டிவிட்டார்களாம். நாற்பத்தொரு நாள் அந்தக் கரையில் ஜெயில். நான் ஒவ்வொரு நாளும் வாசலில் உட்கார்ந்திருந்தேன். போன் அடித்தால் எடுக்கப் பயம், அடிக்காவிட்டால் அதைவிடப் பயம். திரும்பி வந்தபோது ஆள் பாதியாகியிருந்தார். வயிற்றில் கை வைத்து, “இனிமே கடல் இல்ல ஜெசி. கரையிலயே பொழைச்சுக்கிருவோம்” என்றார். அப்படித்தான் அந்தக் குளத்தைக் குத்தகைக்கு எடுத்தார். அவருக்கு இறாலை வலையில் பார்த்துத்தான் பழக்கம், வளர்த்துப் பழக்கமில்லை. அதனால்தான் அண்ணனைக் கூட்டி வந்தார். அண்ணன் வந்த அன்றைக்கே தண்ணீரைக் கையில் அள்ளி முகர்ந்து, நாக்கில் வைத்துத் துப்பிவிட்டு, “கடலை விட உப்பா இருக்கே முதலாளி. சித்திரை, வைகாசியில இதுல எறா நிக்கிறதே பெருசு” என்றார். அவர் சிரித்தார். “அதுக்குத்தான உங்களக் கூட்டிட்டு வந்தது?”

இந்த வருஷம் வெயில் அக்கா, சொல்லவா வேண்டும். தண்ணீர் ஆவியாகிக்கொண்டே போகிறது, உப்பு அப்படியே நிற்கிறது. கடல் தண்ணீருக்கு மீட்டரில் முப்பத்தைந்து காட்டும். எங்கள் குளம் நாற்பத்தெட்டு காட்டியது. கலந்துவிட நல்ல தண்ணீர் எங்கே இருக்கிறது? போர் போட்டாலும் உப்புதான். மத்தியானம் குளத்தில் கை வைத்தால் வெந்நீர். தண்ணீரில் காற்றைக் கலக்குகிற ஏரேட்டர் சக்கரம் சுற்றிச் சுற்றி அடிக்கிறது, தெறிக்கிற துளி கரையில் விழுந்ததும் வெள்ளையாக உப்புப் பூக்கிறது.

இறாலுக்குத் தீனி போடுவதில் ஒரு முறை இருக்கிறது, உங்களுக்கு அண்ணன் சொல்லியிருப்பார். குளத்தில் நாலு மூலையிலும் நாலு வலைத்தட்டு. தீனி வீசும்போது ஒவ்வொரு தட்டிலும் ஒரு பிடி போட்டு இறக்கிவிட வேண்டும். இரண்டு மணி நேரம் கழித்துத் தூக்கிப் பார்க்க வேண்டும். தட்டு காலியாக இருந்தால் இறாலுக்குப் பசி, அடுத்த வேளை கூட்டலாம். மிச்சம் இருந்தால் வயிறு நிறைந்துவிட்டது, குறைக்க வேண்டும். தண்ணீருக்கு அடியில் என்ன நடக்கிறது என்று காட்டுகிற ஒரே கண் அந்தத் தட்டுதான். மற்ற வேளையெல்லாம் அண்ணன் தூக்கிப் பார்ப்பார், மத்தியானத் தட்டை மட்டும் அவரே பார்ப்பார். முதலாளி ஆயிற்றே, ஒரு வேளையாவது தன் கண்ணால் பார்க்க வேண்டும் என்பார்.

எழுபதாவது நாள் வாக்கில் மத்தியானத் தட்டில் தீனி மிஞ்ச ஆரம்பித்தது. முதல் நாள் கொஞ்சம். இரண்டாம் நாள் பாதிக்கு மேல். அண்ணன் சொன்னார், “நமக்கே இந்த வெயில்ல சோறு எறங்காம நீராகாரம் குடிக்கிறோம். அதுக மட்டும் விருந்தா திங்கும்? மத்தியான வேளைய நிப்பாட்டுங்க முதலாளி.” அவர் கேட்கவில்லை. அன்றைக்குச் சோற்றில் கையை வைத்துக்கொண்டு என்னிடம் சொன்னார், “இன்னும் ஒரு நாள் மிஞ்சட்டும் ஜெசி. எந்தச் சைஸா இருந்தாலும் பிடிச்சுக் குடுத்துட்டு, மீன்பிடித் தடைக்காலம் முடிஞ்ச அன்னிக்கே படகு ஏறிடறேன். இந்தக் குளத்துல உக்காந்து வேகுறதுக்குக் கடலே தேவல.”

எனக்கு அந்த நாற்பத்தொரு நாள் கண் முன்னால் வந்து நின்றது.

மறுநாள் ஒரு மணிக்கு அண்ணன் குளிக்கப் போனார். இவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் செரினை இடுப்பில் வைத்துக்கொண்டு, காற்று வாங்குகிற மாதிரி கரை மேல் போனேன். முதல் தட்டைத் தூக்கினேன். தீனி அப்படியே ஊறிக் கிடந்தது. நான் ஒன்றும் பெரிசாகச் செய்யவில்லை. தட்டைச் சாய்த்து ஓர் அலசு அலசிவிட்டு, திரும்ப இறக்கிவிட்டேன். நாலு தட்டையும். ஒரு பருக்கைகூட வெளியே எடுக்கவில்லை, அதுகளுடைய தீனி அதுகளுடைய தண்ணீருக்கே போயிற்று. அரை மணி கழித்து அவர் போய்த் தூக்கிப் பார்த்தார். “ஏய் ஜெசி! வழிச்சு நக்கி வச்சிருக்கு பாரு!” என்று கரையிலிருந்து கத்தினார். எவ்வளவு நாளைக்குப் பிறகு அந்தச் சிரிப்பு! நான் மாதாவுக்கு ஒரு மெழுகுவத்தி ஏற்றினேன்.

அப்புறம் தினமும் செய்தேன். பதினாறு நாள்.

ஏன் அக்கா, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டீர்கள்? கேளுங்கள், முழுசாகக் கேளுங்கள். புருஷன் மனசு உடையாமல் பார்த்துக்கொள்வது பெண்டாட்டி வேலைதானே? நான் இறாலுக்கு எதிராக ஒன்றும் செய்யவில்லை. தீனியைக் கூட்டச் சொல்லி நான் ஒருநாளும் சொன்னதில்லை. அவராகத்தான் கூட்டினார். தட்டு காலி, அதனால் ஐந்து கிலோ கூட்டு. மறுபடியும் காலி, இன்னும் ஐந்து. அண்ணன் தலையில் அடித்துக்கொண்டார். “முதலாளி, குளத்துல எறங்கினா கால்ல கருப்பு ஒட்டுது, அழுகின முட்ட நாத்தம் வருது. தீனி அடியில கெடந்து அழுகுது. நான் பாக்குற தட்டுல எல்லாம் மிச்சம் இருக்கு.” “நான் பாக்குற தட்டு காலியா இருக்கே, என் கண்ணு பொய் சொல்லுதா?” என்றார் இவர். அண்ணனும் அந்தக் காலித் தட்டைப் பார்த்தாரே. கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “நண்டு கிண்டு வந்து திங்குதோ என்னவோ” என்றார். எனக்கே பாவமாக இருந்தது.

பக்கத்துப் பண்ணை மரியதாஸ் அண்ணன் ஒருநாள் வந்தார். வீச்சு வலை போட்டு நாலு கிலோ எடுத்து எண்ணி, எடை பார்த்தார்கள். பன்னிரண்டு கிராம். இரண்டு வாரத்துக்கு முன்னாலும் பன்னிரண்டு கிராம்தான். மரியதாஸ் அண்ணன் சிரித்தார். “என்னப்பா பிரிட்டோ, மூட்ட மூட்டையா எறக்குற, உன் எறா பட்டினி கெடக்கிற மாதிரி இருக்கே? ஒண்ணு எறா விரதம் இருக்கணும், இல்லாட்டி தீனி வேற பக்கம் போகணும்.”

அந்த ஒரு வார்த்தைதான் அக்கா. தவறு யார் மேல் என்றால் மரியதாஸ் அண்ணன் மேல்தான். அந்த வார்த்தை என் வீட்டுக்காரர் காதில் போய் உட்கார்ந்தது. இரண்டு நாள் சாப்பிடும்போதெல்லாம் அதையே போட்டு உருட்டினார். மூட்டை காலியாகிறது, இறால் வளரவில்லை. அப்படியென்றால் தீனி குளத்தில் விழவில்லை. விழாததால்தான் இறால் பசியில் தட்டை ஒரு நொடியில் வழித்துவிடுகிறது. தட்டுக்கு ஒரு பிடி போட்டுக் கண்ணைக் கட்டிவிட்டு, வழிவிட்டான் மூட்டையை வெளியே விற்கிறான். கேட்கிறதற்குச் சரியாகத்தானே இருக்கிறது? எனக்கே ஒரு நிமிஷம், அப்படியும் இருக்குமோ என்று தோன்றியது. நான் என்ன செய்தேன் என்று தெரிந்தே தோன்றியது அக்கா, சிரிக்காதீர்கள்.

அன்றைக்கு அவர் எப்படிப் பேசினார் என்று உங்களிடம் நான் சொல்ல மாட்டேன். அண்ணனும் சொல்லியிருக்க மாட்டார். கரையில் மரியதாஸ் அண்ணன், ஐஸ் வண்டிக்காரர், இன்னும் இரண்டு பேர் நின்றார்கள். அண்ணன் கத்தவில்லை. கூரைக் கொட்டகைக்குள் போய்ச் சாமிப் படத்துக்கு முன்னாலிருந்த சூடத்தை எடுத்து வந்து, கரை மண்ணில் வைத்துக் கொளுத்தினார். “எம் மக தலைமேல சத்தியமாச் சொல்றேன். ஒரு குத்துத் தீனி நான் எடுத்திருந்தா என் வீடு விளங்காம போகட்டும். எடுக்கலன்னா, யாரு இத பண்ணாங்களோ அவங்க வீட்டுல போய் நிக்கட்டும்.” சொல்லிவிட்டு உள்ளங்கையால் அந்த நெருப்பை அப்படியே அடித்து அணைத்தார். அணைத்த கையோடு நிமிர்ந்து பார்த்தார். நான் செரினை இடுப்பில் வைத்துக்கொண்டு எதிரே நின்றேன். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை அக்கா. “போய்ட்டு வர்றேன் தங்கச்சி, பாப்பாவ வெயில்ல நிறுத்தாதீங்க” என்றுதான் சொன்னார். அதைக் கேட்டதும் இவள் தலையை என் முந்தானையால் மூடிக்கொண்டேன்.

நாலாம் நாள் விடியும்போது குளம் செத்தது. இறாலெல்லாம் மேலே வந்து கரையோரமாக வாயைப் பிளந்துகொண்டு வரிசையாக... வேண்டாம், அதை விடுங்கள். அகப்பட்டதைப் பிடித்துக் கொடுத்தோம். அவர் அதற்கும் அண்ணனைத்தான் திட்டினார். போகும்போது ஏதோ கலந்துவிட்டுப் போய்விட்டான் என்று எல்லாப் பண்ணைக்கும் போன் போட்டார். இப்போது படகில் இடம் பேசியாயிற்று. தடைக்காலம் முடிய இன்னும் நாலு நாள்தான். பாருங்கள், நான் இவ்வளவு செய்தும் கடைசியில் கடலுக்குத்தான் போகிறார். நான் மட்டும் அப்படிச் செய்திருக்காவிட்டால் எப்போதோ மனசு விட்டிருப்பார்.

என்ன கேட்கிறீர்கள்? பாதியிலேயே பிடித்திருந்தால் நஷ்டம் இருந்திருக்காதே என்றா? அது... அப்படி நான் யோசித்ததில்லை அக்கா.

குளம் செத்த அன்று சாயங்காலம்தான் இவளுக்குக் காய்ச்சல் வந்தது. கோயிலுக்குத் தூக்கிக்கொண்டு போனேன், எண்ணெய் பூசி மந்திரித்தார் பாதர். பாவசங்கீர்த்தனமும் செய்தேன். அதற்கு முன்னால் பத்துக் கட்டளையையும் விரல் மடக்கி எண்ணிப் பார்த்தேன். களவு செய்தேனா? இல்லை. பொய் சொன்னேனா? என்னிடம் யாரும் கேட்கவே இல்லையே, கேட்டால்தானே பொய் சொல்ல? பொய்ச்சாட்சி? நான் வாயையே திறக்கவில்லை. அதனால் மாமியாரிடம் எரிந்து விழுந்ததை மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். காய்ச்சல் இறங்கவில்லை.

அப்புறம்தான் உட்கார்ந்து யோசித்தேன். அண்ணன் எடுக்கவில்லை. அதனால் சத்தியம் உங்கள் மகளிடம் போகாது. அவள் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறாள், கண்ணால் பார்க்கிறேன். அப்படியென்றால் அந்தச் சத்தியம் எங்கே போகும்? காற்றிலேயா நிற்கும்?

இவளைக் கொஞ்சம் மடியில் வைத்துக்கொள்கிறீர்களா? என் கை மரத்துவிட்டது. அப்படித்தான், தலையைத் தோளில் சாய்த்தால் அழ மாட்டாள்.

அக்கா, நீங்கள் ஏன் அழுகிறீர்கள்?

நீங்களும் தூங்கவில்லையா? அவர் மகள் தலைமேல் சத்தியம் பண்ணிவிட்டாரே என்றா? ஆனால் அவர் எடுக்கவில்லை என்று உங்களுக்குத் தெரியுமே. தெரியாதா? பதினெட்டு வருஷம் கூட வாழ்ந்திருக்கிறீர்களே... மகள் காலேஜுக்குக் கட்ட எங்கிருந்தோ பணம் கொண்டுவந்தார் என்றதும் சந்தேகப்பட்டீர்களா? நேரிலேயே கேட்டீர்களா? “எடுத்திருந்தா சொல்லிருங்க, எம்புள்ளைய விட்ருங்க” என்று காலில் விழுந்தா? அதற்கு அவர் என்ன சொன்னார்?

மறுநாளிலிருந்து உப்பளத்துக்குப் போக ஆரம்பித்துவிட்டாரா.

இது எனக்குத் தெரியாது அக்கா. நிஜமாகவே தெரியாது. உங்களுக்குள் இப்படியெல்லாம் ஆகும் என்று நான் எங்கே நினைத்தேன்?

சரி. திருப்பி எடுக்க என்ன செய்ய வேண்டும், அதைச் சொல்லுங்கள். மஞ்சள் துணியில் காசு முடிய வேண்டுமென்றால் முடிகிறேன். உங்கள் சாமிக்கு என்ன செய்ய வேண்டுமோ செய்கிறேன், வீட்டில் சொல்லிக்கொள்ள மாட்டேன். என்னது? சத்தியம் பண்ணின இடத்திலேயே, அன்றைக்கு அதைக் கேட்டவர்கள் முன்னாலேயே உண்மையைச் சொன்னால்தான் இறங்குமா? எல்லார் முன்னாலுமா? மரியதாஸ் அண்ணன், ஐஸ் வண்டிக்காரர்... அவர் முன்னாலுமா?

அது முடியாது அக்கா. நான் செய்தது தெரிந்தால் அவர் என்னை அடிக்க மாட்டார். அடித்தால்கூடப் பரவாயில்லை. ஒன்றும் பேசாமல் சட்டையை மாட்டிக்கொண்டு படகுக்குப் போய்விடுவார். அந்தக் கோபத்தோடு எல்லைக்குப் போனால் எந்தப் பக்கம் போகிறோம் என்று பார்ப்பாரா? திரும்பி வருவாரா?

உங்களிடம் சொன்னேனே, அது போதாதா? நீங்களும் அந்தச் சத்தியத்தில் சேர்ந்தவர்தானே. நான் வாயைத் திறந்து முழுசாகச் சொன்னது உங்களிடம்தான், பாதரிடம்கூட இல்லை.

அக்கா. அக்கா, இவள் கழுத்தைப் பாருங்கள். வேர்த்திருக்கிறது! தலை நனைந்திருக்கிறது, சட்டை நனைந்திருக்கிறது. தொட்டுப் பாருங்கள், குளிர்ந்திருக்கிறதா இல்லையா? மாதாவே! ஒன்பது நாளில் இப்படி வேர்த்ததே இல்லை. ஆஸ்பத்திரி வாசலில் ஒரு மூடி மருந்து கொடுத்தேன்தான், ஆனால் அது தினமும் கொடுப்பது. அதனால் இல்லை. நான் சொன்னேன், இறங்கிவிட்டது. பார்த்தீர்களா? உங்களிடம் சொன்னதே போதும். நீங்கள் கேட்டாயிற்று, மேலே இருக்கிறவரும் கேட்டாயிற்று. இனி யார் முன்னாலும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை.

அண்ணனுக்கு வேலைக்கு நான் ஏற்பாடு செய்கிறேன். என் வீட்டுக்காரர் கடலுக்குப் போன பிறகு, யார் மூலமாவது, மெதுவாக. நாள் போனால் எல்லாரும் மறந்துவிடுவார்கள். ஒரே ஒரு உதவி மட்டும் செய்யுங்கள். இதை யாரிடமும், அண்ணனிடம்கூட, சொல்ல மாட்டேன் என்று உங்கள் மகள் மேல் எனக்கொரு சத்தியம்...

ஏன் எழுந்துவிட்டீர்கள்?

குழந்தையைக் கொடுங்கள் அக்கா. பஸ் வருகிற நேரம். பையை நான் எடுத்துக்கொள்கிறேன், அவளைக் கொடுங்கள். எதற்கு அவள் தலையில் துண்டைப் போர்த்துகிறீர்கள்? எங்கே போகிறீர்கள்? பஸ் ஸ்டாப் இந்தப் பக்கம் இல்லையா? அக்கா, அது காட்டு வழி. அது நேராக எங்கள் பண்ணைக்குத்தானே போகும்? செருப்புகூடப் போடவில்லையே நீங்கள்.

அக்கா, நில்லுங்கள். கத்த வைக்காதீர்கள், அக்கம்பக்கம் பார்க்கிறார்கள். நான் என்ன தப்பாகக் கேட்டுவிட்டேன்? ஏதாவது பேசுங்களேன். இத்தனை நேரம் கேட்டுக்கொண்டிருந்தீர்களே, ஒரு வார்த்தை பேசுங்கள்.

இவ்வளவு வேகமாக நடந்தால் என்னால் வர முடியாது, மணல் கொதிக்கிறது. உங்கள் காலுக்குச் சுடவில்லையா? என் செருப்பையாவது போட்டுக்கொள்ளுங்கள். சரி, வேண்டாம். வேண்டாமென்றால் விடுங்கள்.

ஐந்து மணிக்குத்தான் அவர் வருவார். மரியதாஸ் அண்ணனும் அந்நேரம் மோட்டார் பார்க்க வருவார். ஐஸ் வண்டிக்காரரை எங்கே போய்த் தேடுவது, அவருக்குப் போன் போட வேண்டும்... அக்கா, நீங்கள் சொல்ல வேண்டாம். நீங்கள் போய்ச் சொன்னால் என் வீட்டுக்காரர் நம்ப மாட்டார், உங்களையும் ஏதாவது பேசிவிடுவார். நானே சொல்கிறேன். என் வாயாலேயே சொல்கிறேன்.

கொஞ்சம் மெதுவாக மட்டும் நடங்கள். அவள் தூங்கிவிட்டாள்.